ஆடனுக்குப் பின்னால் மறைந்த கால்மன்

ஓபரா பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே கருத்தை ஒப்பிக்கிறார்கள்: பாட்டுநூலின் வரிகள் இசையமைப்பாளருக்குக் கவிஞர் எழுதும் அந்தரங்கக் கடிதம், மெட்டு பிறந்ததும் அவற்றின் வேலை முடிந்தது. சொன்னவர் டபிள்யூ. எச். ஆடன் என்பதால் மறுப்பார் இல்லை. வரிகளுக்கு அது பொருந்தலாம். காட்சிக் கட்டுமானத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆடன் பங்குகொண்ட ‘தி ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ இதற்குச் சாட்சி. குறிப்பாக, அதில் செஸ்டர் கால்மன் எழுதிய பகுதிகள்.

பாட்டுநூலாசிரியர்களின் முன்கதை தெரிந்ததுதான். மெட்டாஸ்டாசியோவின் ஒரே நூலுக்குப் பலர் மாறி மாறி இசையமைத்தார்கள். கூட்டுழைப்புக்கு அங்கே இடமில்லை. மொசார்ட்டுக்கு மூன்று ஓபராக்கள் தந்த டா பொன்டே பெருங்கவிஞர் அல்ல, அரங்கத்தின் நாடி அறிந்தவர். வெர்டிக்கு ‘ஒதெல்லோ’ (1887) எழுதிய பொய்தோ தாமே ஓபரா இயற்றியவர். ‘டெர் ரோசன்கவாலியர்’ இரண்டாம் அங்கத்தில் சூடு போதாதென்று 1909இல் ஸ்ட்ராஸ் கடிதம் எழுதினார், ஹோஃப்மன்ஸ்தால் மாற்றி எழுதினார், அங்கத்துக்குள் வாட்சண்டை வந்தது. அரங்க அறிவு அங்கே இசையமைப்பாளரிடம் இருந்தது.

‘தி ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ ஓபராவுக்கு இசையமைத்த ஸ்ட்ராவின்ஸ்கி 1947இல் சிகாகோவில் அதே தலைப்பிலான ஹோகார்த்தின் படங்களைப் பார்த்தார்; ஓபரா அங்கே தொடங்கியது. ஆல்டஸ் ஹக்ஸ்லி ஆடனைக் கைகாட்டினார். நவம்பரில் ஆடன் ஹாலிவுட் போய், இசையமைப்பாளரோடு உட்கார்ந்து கதைச்சுருக்கம் எழுதினார். நியூயார்க் திரும்பியதும், ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்காமலே கால்மனைச் சேர்த்துக்கொண்டார். ஆடனுக்கு ஓபராப் பித்தை ஏற்றியவரே கால்மன்தான். சுருக்கத்தில் இருந்த அவலட்சணச் சீமாட்டி, இருவரும் எழுதிய நூலில் தாடிக்காரி பாபாவாக மாறினாள்.

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சி கால்மனுடையது. இரவில் நாயகி ஆன் தனியே நிற்கிறாள்; காதலன் டாமிடமிருந்து சேதி இல்லை. மெதுவான பாட்டு. வீட்டுக்குள்ளிருந்து தகப்பனார் கூப்பிடுகிறார். அந்தக் கூப்பாட்டில் அவள் மனம் ஒரு முடிவுக்கு வருகிறது. லண்டன் போகத் துணிந்தவளின் துரிதப் பாட்டு உச்சஸ்தாயியில் போய் நிற்கிறது. பெல்லினியும் இளம் வெர்டியும் பழக்கிய அமைப்பு இது. தகப்பனாரின் குரலை எடுத்துவிட்டால் துரிதப் பாட்டுக்குக் காரணமே இல்லை. மெட்டு பிறந்தபின் தூக்கிப்போடக்கூடியதா இது?

கல்லறைத் தோட்டத்துச் சீட்டாட்டமும் கால்மனின் கைவண்ணம். பணயம் டாமின் ஆன்மா. மூன்று முறை சீட்டைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஸ்ட்ராவின்ஸ்கி வாத்தியக் குழுவை ஒதுக்கி, ஹார்ப்ஸிகார்டை மட்டும் முன்னால் நிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டு ஓபராவில் இவ்வளவு இறுக்கமான காட்சிகள் மிகக் குறைவு.

1951 செப்டம்பர் 11 அன்று வெனிஸின் லா ஃபெனிச்சேயில் அரங்கேற்றம். நூல்முகப்பில் இரண்டு பெயர்கள். விமர்சகர்களின் வாயில் பெரும்பாலும் ஒன்று. யார் எதை எழுதியது என்று ஆடனே பிரித்துச் சொல்லியும் பயனில்லை. கால்மன் இல்லாமல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்கு ஆடன் எழுதிய ‘பால் பன்யன்’ (1941) எப்படி இருந்தது? சொல்லுக்குச் சொல் மினுக்கு. நாயகனோ மேடைக்கே வராத வெறும் குரல். பிரிட்டன் அதைக் கட்டிவைத்தவர், 1970களில்தான் மறுபடி எடுத்தார்.

புது ஓபராவுக்குப் பரிசு வாங்கிய கவிஞரைத் தேடும் அரங்குகள் ‘பால் பன்யன்’, ‘தி ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். காட்சியைக் கட்டக் கால்மன் வேண்டும் என்பது இசையமைப்பாளர் ஹான்ஸ் வெர்னர் ஹென்சேக்குப் புரிந்திருந்தது. ‘எலிஜி ஃபார் யங் லவர்ஸ்’ (1961), ‘தி பாசரிட்ஸ்’ (1966) இரண்டையும் அவர் ஆடன், கால்மன் இருவரிடமும் சேர்த்தே எழுதி வாங்கினார்.