வியாகுலமும் வெறுங்கல்லறையும்: தீவகக் கத்தோலிக்கரின் புலம்பல் மரபு பற்றி

ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி எழுதுவோரிற் பெரும்பாலோர் இரு சாராராகவே உள்ளனர். சமயப் பற்றுடையோர் அதனைப் பக்தி இலக்கியமெனப் போற்றுவதோடு அமைந்துவிடுவர். முற்போக்கு நோக்குடையோர் அதனை அந்நியர் ஆட்சியோடு வந்த சரக்கெனத் தள்ளிவிடுவர். அவ்விலக்கியத்தைத் தம் வாயினாற் பாடிச் செவியினாற் கேட்டுத் தம் இழப்புக்களின்போது துணைக்கழைத்த மக்களை இரு சாராரும் நோக்குவதில்லை. ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையுள்ள தீவகத்துக் கத்தோலிக்கர், குறிப்பாகக் கடற்றொழில் செய்வோர், சாவையும் பிரிவையும் எதிர்கொள்கையில் அவர்தம் விசுவாசம் எத்தகைய ஆறுதலை அளித்தது, அந்த ஆறுதல் எவ்விடத்தில் முட்டுப்பட்டு நின்றது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

இவ்வாய்வுக்கு அடிப்படையாக வியாகுலப் பிரசங்கத்தைக் கொள்ளலாம். கோவாவிற் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) ஆக்கிய இந்நூல், கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிப்பது. வட, வடமேற்குக் கரையோரங்களில் தவக்காலந்தோறும் வாசிக்கப்பட்டு வந்தது. அது தோன்றிய சூழலை மறந்து அதன் இயல்பை உணர முடியாது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் மறைவாக வந்திறங்கிய யோசே வாஸ் அடிகளும் அவர்பின் வந்தோரும் கண்டி மன்னரின் ஆதரவில் இயங்கினர். 1806இல் ஆங்கிலேயர் அத்தடைகளை நீக்கும்வரை குருவானவரைக் காண்பதே கரையோர மக்களுக்கு அரிதாயிற்று. குருவில்லாத சபையில் மூப்பரும் உபதேசியாரும் உரத்து வாசிக்கவும் ஏனையோர் கூடியிருந்து கேட்கவும் ஏற்ற நூல் ஒன்று தேவைப்பட்டது. அத்தேவையை வியாகுலப் பிரசங்கம் நிறைவேற்றியது.

கொன்சால்வெஸ் அடிகளின் காலத்தவரான வீரமாமுனிவரும் சிலுவையடியில் நின்ற தாயின் துயரைப் பொருளாகக் கொண்டு 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடினார். அது புலவர்க்குரிய யாப்பில் அமைந்து ஏட்டில் நின்றுவிட்டது. வியாகுலப் பிரசங்கமோ உரைநடையாயிருந்தும் இசையோடு ஓதப்பட்டமையால் எழுத்தறியாதாரின் உடைமையாயிற்று. தாய் மகனை நினைந்து புலம்பும் இடங்கள் ஊரார் நன்கறிந்த ஒப்பாரியின் ஓசையைத் தழுவி ஓதப்படுகின்றன. தேவாலயத்தினுள் மரியாளுக்காக அழுத பெண்ணே தன் வீட்டுச் சாவில் அதே குரலில் அழுதாள். இரண்டு அழுகைக்கும் இடையே வரம்பு கட்ட எவராலும் இயன்றதில்லை. போதகர் சிலர் அவ்வாறு கட்ட முயன்றதுண்டு. அதனை அம்மக்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நம் பொருளுக்கு இது மிக முக்கியமானது. கிறிஸ்தவ ஆறுதல் என்றதும் அழாதே, அவர் இறைவனிடம் சென்றுவிட்டார் என்ற தேற்றுரையே பலர் நினைவுக்கு வரும். புலம்பல் மரபு அளிக்கும் ஆறுதல் அதுவன்று. அது அழுகையை அடக்குவதில்லை. அழுகைக்கு ஓர் இடமும் காலமும் துணையும் தருகின்றது. நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வகுத்த தமிழ் மரபுக்கு இது புதிதன்று. சங்கக் கவிதையையும் நிலத்தையும் இணைத்து ஆராய்ந்த தனிநாயக அடிகள் (1913–1980) ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்தவர் என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம். கடலுக்குச் சென்றவர் மீள்வாரோ எனக் கரையில் நின்று ஏங்கும் பெண்ணைச் சங்கப் புலவர் மட்டுமல்லர், நெடுந்தீவுத் துறையில் நின்ற எவரும் கண்டிருப்பர்.

அழுகைக்கு இடம் தருவதோடு இம்மரபு ஓர் ஒழுங்கையும் தருகின்றது. சிலுவை மரணம், உடல் இறக்கப்பட்டுத் தாயின் மடியிற் கிடத்தப்படுதல், அடக்கம், மூன்றாம் நாள் என நிகழ்ச்சிகள் முறையாகச் செல்கின்றன. துக்கத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு என்பதை அவ்வொழுங்கு கேட்போரின் உள்ளத்திற் பதிக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சைவர் முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி செய்கையிற் கத்தோலிக்கர் அதே நாளில் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் இத்தேவையின் வெளிப்பாடே. சமயம் வேறாயினும் துக்கத்தின் நாட்கணக்கு ஒன்றாகவே இருக்கின்றது.

இவ்வொழுங்கு முழுவதும் ஓர் உடலை வேண்டி நிற்பது. கடலில் மாண்டவரின் உடல் சில வேளை கரைசேர்வதில்லை என்பதைக் கடற்றொழிலாளர் முன்பே அறிவர். கடலை எவரும் விசாரணைக்கு அழைப்பதில்லை. ஆனால் 1980கள் தொடக்கம் தீவகம் கண்ட இழப்புக்கள் வேறு வகையின. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் கொலையுண்டனர். 1990இல் இராணுவம் தீவகத்துட் புகுந்தபின் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவில்லை. 2006 ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்திற் புகலடைந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. அவ்வாலயத்தின் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளும் உடன்சென்ற ஒருவரும் அதே மாதம் 20ஆம் திகதிக்குப் பின் காணப்படவில்லை. கடற்படைச் சோதனைச் சாவடியருகே அவர்கள் இறுதியாகக் காணப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது.

கொல்லப்பட்டோரின் உடல்மீது அழுதவர்க்கு மரபின் ஒழுங்கு ஓரளவேனும் கைகொடுத்தது. காணாமற்போனோரின் வீட்டிலோ முப்பத்தோராம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வியாகுல மாதாவின் மடியில் மகன் கிடக்கிறான். இத்தாய்மாரின் மடி வெறுமையாயிருக்கின்றது. அல்லைப்பிட்டியிலோ நினைவுத் திருப்பலி நிறைவேற்ற வேண்டிய குருவே காணாமற்போனோர் வரிசையிற் சேர்ந்துவிட்டார்.

சமயம் மக்களின் அபின் எனக் கூறிய மார்க்ஸ், அதற்குச் சற்று முன்னர் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சென்றும் கூறியதை நம்மவர் பலர் மேற்கோளில் விட்டுவிடுகின்றனர். ஆயினும் அபின் என்ற கூற்று பொருந்தும் இடமும் உண்டு. மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாயிடம் எல்லாவற்றையும் இறைசித்தத்துக்கு விட்டுவிடு என்று கூறும் பிரசங்கம், சொல்பவர் எவ்வளவு நல்லெண்ணமுடையவராயினும், தேடுதலை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தின் குரலோடு ஒன்றாகிவிடுகின்றது. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த தாய்மாரும், 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தோரும் மறுத்தது இத்தகைய ஆறுதலையே. அவர்களுட் சைவரும் கத்தோலிக்கரும் கலந்திருந்தனர்.

அவ்வாறாயிற் காணாமற்போனோரின் உறவினர்க்கு இவ்விசுவாசத்தில் இடமில்லையா? உண்டு, வழக்கமான தேற்றுரைகள் விரைந்து கடந்துவிடும் பகுதிகளில் அது உள்ளது. மாதாவின் ஏழு வியாகுலங்களில் மூன்றாவது, பன்னிரண்டு வயது மகன் யெருசலேமிற் காணாமற்போய்த் தாய் அவனைத் தேடித் திரிந்தது. மூன்றாம் நாள் அவன் கிடைத்தான். அவன் கூறிய விடை பெற்றோருக்கு விளங்கவில்லை என்று லூக்கா எழுதுகிறார். வியாகுலப் பிரசங்கம் பாடுகளையே பொருளாகக் கொண்டமையால் இந்நிகழ்ச்சி அதன் மையத்துக்கு வெளியே நிற்கின்றது. மக்களோ தேடுதலின் துயரை வேறு வழியாகக் காப்பாற்றினர். இழந்த பொருளைக் கண்டெடுத்துத் தருபவரென நம்பப்படும் அந்தோனியாரிடம் நேர்ந்துகொள்வது தீவகத்தில் ஆழ வேரூன்றிய வழக்கம். நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்த கச்சதீவில் அவர் திருவிழாவுக்குப் படகேறுவோரிற் சிலரேனும் பொருளைத் தேடிச் செல்வதில்லை.

இதனினும் முக்கியமான இடம் யோவானின் இருபதாம் அதிகாரம். உயிர்ப்பின் நற்செய்தியாகவே அதனை அனைவரும் வாசிக்கின்றனர். ஆனால் கல்லறையருகே நின்ற மகதலேனா மரியாள் அழுதது மரணத்துக்காக மட்டுமன்று; உடலைக் காணாமையால் அழுதாள். அவளிடம் வானதூதர் காரணம் வினவியபோதும் அவள் ஆறுதல் அடையவில்லை. தோட்டக்காரர் எனத் தான் எண்ணிய அந்நியனை நோக்கி, அவரை எங்கே வைத்தீர் என்று கேட்கிறாள். சொன்னால் தானே எடுத்துச் செல்வதாகவும் கூறுகிறாள். அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல் அதன் பின்னரே எழுகின்றது. அக்கேள்வியைச் சந்தேகமெனவோ விசுவாசக் குறைவெனவோ நற்செய்தியாளர் கண்டிக்கவில்லை.