ருசிக் குறிப்பில் இல்லாத கை

தெற்குப் பிரான்சில், நார்போன் நகரத்தை ஒட்டி விரியும் வறண்ட குன்றுகளில் விளைவது கொர்பியேர் சிவப்பு ஒயின். ருசிப்பாளர்கள் அதைப் பற்றி எழுதும் குறிப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பிரதிதான்: கரும்பழம், மிளகு, பதனிட்ட தோல், தைமும் ரோஸ்மேரியும் மண்டிய புதர்க்காட்டின் வாசம். கடைசியில் ஒரு சொல் வந்து விழும் - 'நாட்டுப்புறத்தனமானது'. காடு வருகிறது, மூலிகை வருகிறது. திராட்சை பறித்த கை மட்டும் வருவதில்லை.

அந்தக் கைகள் 1907இல் தெருவுக்கு வந்தன. சர்க்கரைத் தண்ணீர் கலந்த போலி ஒயினும் மிகை உற்பத்தியும் விலையைச் சரித்தபோது, ஜூன் 9 அன்று மொன்பெலியேவில் லட்சக்கணக்கில் திரண்டார்கள். பத்து நாளில் கிளெமான்சோ அரசின் படை நார்போனில் சுட்டது. உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17ஆம் காலாட்படையில் சுமார் 500 பேர் கலகம் செய்தார்கள். 1976 மார்ச் 4இல் மோன்ரெதோனில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு. ஒரு விவசாயியும் ஒரு போலீஸ் அதிகாரியும் செத்தார்கள்.

ஒயின் என்னும் தொன்மத்தை ரொலான் பார்த் 1957இலேயே கட்டுடைத்துவிட்டார். அல்ஜீரியாவில் நிலம் பறிகொடுத்த முஸ்லிம்கள் மீது, அதே நிலத்தில், அவர்களுக்குத் தேவையில்லாத பயிராகத் திராட்சை சுமத்தப்பட்டதைச் சொன்னார். அந்த அடர்ந்த ஒயின் செத் துறைமுகத்தில் இறங்கி, தெற்கத்திய நீர்த்த ஒயினுக்கு நிறமும் வலுவும் கொடுத்தது. ஆனால் பார்த், ஒயின் நல்ல பொருள்தான் என்று ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்த 'நல்லது' வாயில் எதனால் ஆகிறது என்று கேட்பதில்லை. எனக்கு அவரோடு பிணக்கு இங்கேதான்.

நம் தோழர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். பூர்தியு (1979) ருசியை வர்க்க அடையாளம் என்றார், சரி. 2001இல் வெளியான பொர்தோ ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது 54 மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினின் சொற்களாலேயே வர்ணித்தார்கள். ஆகவே ருசியே பொய், முடிஞ்சது கதை! அவசரம் வேண்டாம். அங்கே கேட்கப்பட்டது மணம். ஏமாந்தது மூக்கின் அகராதி. துவர்ப்பு அப்படியல்ல. டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்து உறைய வைப்பதால் நாக்கு சொரசொரக்கிறது. இது சொல்லாடலுக்கு முந்திய பருப்பொருள்.

கொர்பியேரின் பழைய திராட்சையான கரிஞானில் இந்தத் துவர்ப்பும் புளிப்பும் தூக்கல். வெறுமனே குடிச்சா வாயை இழுக்கும். கஸூலே - வெள்ளை மொச்சை, வாத்து, பன்றித் தொத்திறைச்சி எல்லாம் மணிக்கணக்கில் வெந்த சட்டி - கூட இருந்தால் நிலைமை வேறு. டானினுக்கு எச்சிலை விட்டால் பற்றிக்கொள்ள இறைச்சிப் புரதம் இருக்கிறது. புளிப்பு கொழுப்பை அறுக்கிறது. உப்பு கரடுமுரடை அமர்த்துகிறது. சும்மா சொல்லக்கூடாது, ரெண்டுமே மாறிப்போகும்.

இப்போது ருசிப்புக் கூடத்தைப் பாருங்கள். சாப்பாடு கிடையாது, வரிசையாகக் கோப்பைகள், ஒரு வாய், துப்பு, மதிப்பெண். சோற்றோடு குடிப்பதற்காக ஆன ஒயினைச் சோறில்லாத இடத்தில் நிறுத்தி விசாரித்தால் தீர்ப்பு என்னவாக இருக்கும்? 'நாட்டுப்புறத்தனம்' ஒயினின் குணமல்ல, விசாரணை முறையின் விளைவு. கரிஞான் சமவெளியில் அளவுமீறி விளைந்து சப்பென்று போனதும் உண்மைதான். 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பிய சமூகம் கொடிகளைப் பிடுங்கவே மானியம் கொடுத்தது. தப்பிய குன்றுக் கொடிகளின் ஒயின் இன்று 'முதிய கொடி' என்ற முத்திரையோடு கூடுதல் விலைக்குப் போகிறது.

துவர்ப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. கொத்துக்களை உடைக்காமல் மூடிய தொட்டியில் கரியமில வாயுவுக்குள் ஊற விடுவது. இயந்திர அறுவடையில் பழம் உடைந்துபோகும். எனவே கையால்தான் பறிக்கணும். நெடுங்காலம் அதற்கு வந்தவர்கள் ஸ்பானியக் கூலிகள். குறிப்பில் எழுதப்படுவது: 'பட்டுப் போன்ற மென்மை'.