உரிப்பொருள் எங்கே?

ஈப்போவை அடுத்த தம்பூனில் 2004இல் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா, பழமையைப் புதிதாகப் புனைந்து காட்டுவது. பத்து காஜாவின் கெல்லி மாளிகையோ, மெய்க் கட்டடமாயிருந்தும் புனைந்த காட்சிபோல் தோன்றுவது. ஸ்காட்லாந்தில் பிறந்த ரப்பர்த் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் இதனை எழுப்பத் தொடங்கினார். மூரிய வளைவுகளும் இந்தியச் செங்கல்லும் உயர்ந்த கோபுரமும் ஓரிடத்தே கூடின. 1926இல் அவர் லிஸ்பனில் மறையவே, மாளிகை முற்றுப்பெறாது நின்றது. பின்னாளில் திரைப்படக் களமுமாயிற்று.

இதனை ஒரு செய்யுளாக நோக்கின், கருப்பொருள் மிக்கது. உரிப்பொருள் காணாதது எனலாம். அவ்வுரிப்பொருள் அருகிலுள்ள மாரியம்மன் கோயிலில் இருக்கிறது. மாளிகைப் பணியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலரை நச்சுக்காய்ச்சல் கொண்டது. எஞ்சியோர் வேண்ட, ஸ்மித் கோயில் அமைத்துத் தந்தார் என்பர். அவர்களும் நன்றி மறவாது, தெய்வ உருவங்களிடையே துரையின் உருவையும் நிறுத்தினர்.

கட்டியவர்கள் முதலாளியைத் தம் கோயிலில் ஏற்றினர்; மாளிகையோ முதலாளி பெயரை மட்டுமே சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே பேராக்கின் தோட்ட வரலாறு பொருள் தரும். மாளிகையைக் காட்டும் ஆசிரியர், மாணவரைக் கோயில்வரை அழைத்துச் செல்வாராக.