சொல்லும் இலக்கணமும்: புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயில்வது குறித்து ஒரு மதிப்பீடு

புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியிலேயே படித்தறிய வேண்டும் என்னும் விருப்பம், 1516இல் எராஸ்மஸ் கிரேக்க மூலத்தை அச்சில் வெளியிட்ட பின்னர் ஐரோப்பாவில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 1522இல் வெளிவந்த லூத்தரின் ஜெர்மானிய மொழிபெயர்ப்பும் 1526இல் வெளிவந்த டிண்டேலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் கிரேக்கத்திலிருந்தே செய்யப்பட்டவை. தமிழும் இவ்வரிசைக்குப் புறம்பானதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் கிரேக்க மூலத்தைக் கொண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேற்றினார். இத்தகைய மொழிபெயர்ப்புகள் கைக்குக் கிடைத்த பின்னரும் ஒருவர் கிரேக்கம் பயில்வதால் அடையும் பயன் யாது? இவ்வினாவிற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை நமக்கு உடன்பாடானதன்று.

அவ்விடை சொல்லையே மையமாகக் கொண்டது. மூலச்சொல்லினுள் ஆழ்பொருள் ஒன்று புதைந்து கிடக்கிறது. மொழிபெயர்ப்பில் அது மறைந்துவிட்டது. கிரேக்கம் கற்றவர் அதனை அகழ்ந்தெடுக்கிறார் என்பது அதன் சாரம். இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 'அகாபே' என்னும் சொல். தன்னலமற்ற இறையன்பை மட்டுமே அது குறிக்கும் என்றும், நட்பன்பிற்கு வேறு சொல் உண்டு என்றும் சொற்பொழிவுகளிலும் வகுப்பறைகளிலும் நாம் கேட்டு வருகிறோம். 1930களில் ஸ்வீடிய இறையியலாளர் நிக்ரென் எழுதிய நூலும் 1960இல் சி. எஸ். லூயிஸ் அன்பின் நால்வகை பற்றி எழுதிய நூலும் இக்கருத்துப் பரவத் துணைசெய்தன எனலாம்.

மூலநூல்களோ இதற்கு இடங்கொடுப்பனவாக இல்லை. எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், அம்னோன் தன் மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கை தாமார்மீது கொண்ட தகாத வேட்கைக்கு இதே அகாபேயும் அதன் வினைவடிவமும் ஆளப்பட்டுள்ளன (2 சாமுவேல் 13). தேமா என்பவன் இவ்வுலகின்மேல் ஆசை வைத்துப் பவுலைக் கைவிட்டுச் சென்றதையும் அதே வினை குறிக்கிறது (2 தீமோத்தேயு 4:10). தந்தை மகன்மீது கொண்ட அன்பை யோவான் ஓரிடத்தில் ஒரு வினையாலும் (3:35) மற்றோரிடத்தில் மற்றொரு வினையாலும் (5:20) சொல்கிறார். 'எக்ளேசியா' என்பதை 'வெளியே அழைக்கப்பட்டோர்' எனப் பகுதி பிரித்துப் பொருள் விரிப்பதும் இத்தகையதே. எபேசு நகரில் ஏன் கூடினோம் என்றே அறியாமல் கூச்சலிட்ட கும்பலுக்கும் அப்போஸ்தலர் பணிகள் வழங்கும் பெயர் அதுவே (19:32). சொல்லின் பிறப்பை அதன் பொருளெனக் கொள்ளும் இப்பிழையை ஜேம்ஸ் பார் 1961இலேயே விரிவாக மறுத்துள்ளார். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னர், எகிப்தில் கிடைத்த பப்பிரசுச் சுவடிகளை ஆராய்ந்த டைஸ்மன், புதிய ஏற்பாட்டின் மொழி கடிதமும் கடன்பத்திரமும் எழுதிய மக்களின் பொதுமொழியே என்பதை நிறுவினார். 'கடவுள்' என்னும் சொல்லைக் கட, உள் எனப் பிரித்துச் சமயம் முழுவதையும் அதனுள் ஏற்றும் பழக்கம் நம் வகுப்பறைகளிலும் உண்டாதலின், இதனைப் பிறர் குறையென நாம் ஒதுக்கிவிட இயலாது.

கிரேக்கம் தரும் பயன் இலக்கணத்தில் உள்ளது என்பதே நம் கருத்து. தமிழ் வாசகர்க்கு அது தனிச் சிறப்புடையது. தமிழில் நாம், நாங்கள் என இரண்டு உண்டு; கிரேக்கத்தில் ஒன்றே. கேட்போரை உளப்படுத்துவதா விலக்குவதா என்பதைக் கிரேக்க ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை; தமிழில் மொழிபெயர்ப்பவர் சொல்லியே ஆக வேண்டும். புயலில் படகு மூழ்கும் நிலையில் சீடர்கள் இயேசுவை எழுப்பி முறையிடும் இடத்தை நோக்குக (மாற்கு 4:38). மடிவோர் சீடர்கள் மட்டுமா, உறங்குபவரும் உடனா? நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' எனக் கொண்டது. கிரேக்கத்திலோ அவ்விடத்தில் மூவிடப்பெயரே இல்லை. வினைவிகுதி ஒன்றே உள்ளது. நன்னூலார் அம், ஆம் விகுதிகளை முன்னிலையாரை உளப்படுத்துவனவாகவும் எம், ஏம், ஓம் விகுதிகளைப் படர்க்கையாரை உளப்படுத்துவனவாகவும் பிரித்தார். இன்றோ 'ஓம்' இரண்டிற்கும் பொதுவாகிவிட்டது. ஆகவே 'சாகிறோம்' என வாளா கூறின் மூலத்தின் இருபொருளும் கெடாது நிற்கும். இவ்வாய்ப்பு இருப்பதே கிரேக்கம் அறிந்தவர்க்குத்தான் புலனாகும்.

எல்லா இடத்திலும் இவ்வாறு தப்ப முடியாது. யோவான் 4ஆம் இயலில் சமாரியப் பெண் கிணற்றருகே யாக்கோபைத் தந்தை என உரிமை கொண்டாடும்போது (4:12) மூவிடப்பெயர் வெளிப்படையாகவே வருகிறது. 'எங்கள் தந்தை' எனின் எதிரில் நிற்கும் யூதரை அவள் விலக்குகிறாள்; 'நம் தந்தை' எனின் உறவு கொண்டாடுகிறாள். இது சிறு வேறுபாடன்று. யூதர் வளமுற்றபோது சமாரியர் உறவு பேசுவர், அல்லலுற்றபோது மறுப்பர் என யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் குறைகூறுகிறார். அவ்விரு இனத்தாரின் பகை முழுவதும் இவ்வொரு சொல்லில் தங்கியுள்ளது. எட்டு வசனங்களுக்குப்பின் வழிபாட்டிடம் பற்றிய பேச்சில் (4:20) 'நீங்கள்' என்பது எதிர்நிலையில் வருவதால் அங்கு 'எங்கள்' என்பதில் ஐயமில்லை. 12ஆம் வசனத்தில் அத்தகைய சான்று இல்லை.

அதே உரையாடலில் நீ, நீர் என்னும் சிக்கலும் உண்டு. கிரேக்க முன்னிலை ஒருமைக்கு மரியாதை வேறுபாடு கிடையாது. எனினும் அப்பெண் முதலில் விளி ஏதுமின்றி அவரை யூதர் என்று மட்டுமே சுட்டுகிறாள் (4:9). அடுத்த பேச்சிலிருந்து 'கிரியே' என விளிக்கிறாள் (4:11). அவ்விளி 'ஐயா' என்பது முதல் 'ஆண்டவரே' என்பது வரை இடம்நோக்கிப் பொருள்படும். தொடக்கம் முதலே 'நீர்' என எழுதினால் அவள் மனமாற்றத்தின் முதற்படி தமிழில் காணாமற்போகும். 'நீ' எனத் தொடங்கினால் மூலத்தில் இல்லாத கடுமை புகுந்துவிடும். முன்னதைவிடப் பின்னதே உரையாடலின் போக்கிற்கு இயைந்தது என நாம் கருதுகிறோம். வழிபாட்டில் வாசிக்கப்படும் நூலுக்கு அது ஏற்புடையதாகுமா என்பது வேறு வினா.

இந்நோக்கில் பார்க்கும்போது, நம் மாணவர் கையாளும் ஆங்கிலவழிப் பாடநூல்கள் அவர்களுக்கு உரியனவாக இல்லை. வென்ஹம் (1965), மவுன்ஸ் (1993) ஆகியோரின் நூல்கள் ஆங்கில இலக்கணத்தை விளக்கிய பின்னரே கிரேக்கத்திற்கு வருகின்றன. வேற்றுமை உருபை ஆங்கிலேயர்க்குப் புரியவைக்க அவர்கள் படும் பாடு பெரிது. எட்டு வேற்றுமை பயின்ற தமிழ் மாணவர்க்கு ஐந்து வேற்றுமை சுமையன்று. 'மறுமொழியாகக் கூறிச் சொன்னார்' என்பது போன்ற தொடரமைப்பும் எச்சத்தில் பழகியவர்க்கு இயல்பாகவே தோன்றும். ஆனால் நம் வினையெச்சம் பால், எண், வேற்றுமை கொள்வதில்லை. கிரேக்க எச்சம் இம்மூன்றும் கொள்ளும். அங்கேதான் நம் மாணவர் இடறுகின்றனர். அதனைவிடவும் இடர் தருவது பெயர்க்குமுன் வரும் சுட்டிடைச்சொல். தமிழில் அதற்கு நேரான உறுப்பு இல்லை. யோவான் முதல் வசனத்தின் இறுதித் தொடரில் 'தெயோஸ்' அவ்விடைச்சொல் இன்றி நிற்பது பற்றிய வாதம் நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. தமிழில் படிப்பவர் அப்படியொரு வாதம் உண்டு என்பதை அறியாமலேயே அவ்வசனத்தைக் கடந்துவிடுகிறார்.