கழியும் பாயும்

கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் சென்னைப் பக்கம் அடுத்த நிலையம் பொன்னேரி. அங்கிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்துதான் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ஏரிக்குள்ளே மட்டும் எதற்கும் அவசரமில்லை.

மோட்டார் வந்த பிறகும் பாய் கட்டிய படகுகளுக்கு இங்கே ஓர் அழகு உண்டு. ஒற்றை மரம், ஒட்டுப்போட்டுத் தைத்த பாய், கைக்கு அடக்கமாக ஒரு கயிறு. கோடையில் தெற்கிலிருந்து வீசும் காற்று பாயைப் புடைக்க வைத்தால், வடக்கே இரக்கம் தீவுப் பக்கம் படகு தானாக நழுவும். காற்றின் போக்கைப் பார்த்துக் கயிற்றை ஒரு சாண் இழுப்பதும் விடுவதும்தான் வேலை. கோடையில் தண்ணீர் வற்றி, பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. காற்று ஓய்ந்தால் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ள வேண்டியதுதான். கழி இறங்கும் ஆழத்தை வைத்தே தரையின் மேடு பள்ளத்தைக் கணித்துவிடுவார்கள்.

இந்தத் தண்ணீருக்குச் சட்டமும் உண்டு. எந்த நாளில் யார் எங்கே வலை போடலாம் என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் மீனவர்களிடையே தலைமுறைகளாக இருக்கிறது. 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் கல்லறைகளை இன்று வேடிக்கை பார்க்கிறோம். பாடு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு சொல்: உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் ஏறாதீர்கள். கரையில் நின்று பாய் விரிவதைப் பார்த்தாலே பாதிச் சுகம் கிடைத்துவிடும்.