யார் எழுவாய்?

‘பெண்களுக்காக’ என்ற சொல்லை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அரசும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் கைகோத்தால் எந்தச் சமூகச் சிக்கலும் தீரும் என்று சொல்லும் கூட்டு முயற்சி அறிக்கைகளில் அது தவறாமல் இருக்கும். இலக்கணம் நடத்தும் எனக்கு அது முதலில் நான்காம் வேற்றுமையாகவே கண்ணில் படுகிறது. ‘கு’ உருபுக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் கொடையும் உண்டு, பகையும் உண்டு. கொடுப்பவர் எழுவாயாகிவிட, பெண் பெற்றுக்கொள்பவளாகவே நின்றுவிடுகிறாள்.

இந்த வாக்கியத்தை மாற்றி எழுத முயன்ற ஆவணம் ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தின் நாச்சி அப்பேரல் ஆடை ஆலையில் வேலைசெய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். ஓராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பின், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய, சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்புகள், ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், துணி வாங்கும் எச் அண்ட் எம், பின்னர் கேப், பி.வி.எச். எனப் பல தரப்புகள் இதில் இருக்கின்றன.

இதன் வலிமை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதில் இல்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதில் இருக்கிறது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், வாங்கும் நிறுவனம் வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், அதே தளத்தில் வேலைசெய்யும் பெண்களே கண்காணிப்பாளர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருவது சங்கம். பாலியல் சீண்டலோடு சாதிப் பாகுபாட்டையும் ஒப்பந்தம் தடைசெய்கிறது. பணியிடத்தில் சாதியும் பாலும் தனித்தனியாக வந்து ஒரு பெண்ணைத் தொடுவதில்லை என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தை இதனருகே வைத்துப் படியுங்கள். பத்துப் பேருக்குக் குறையாத பணியிடத்தில் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது அது. அந்தக் குழுவை நியமிப்பவர் முதலாளி. வேலை போய்விடுமோ என்று அஞ்சும் பெண், அதே முதலாளி அமைத்த குழுவின் கதவைத் தட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் முதலாண்டு அறிக்கை, 185 புகார்கள் எழுந்து 182 தீர்க்கப்பட்டதாகச் சொல்கிறது. புகார் பெருகினால் ஆலை கெட்டுவிட்டது என்று படிப்பது பழைய வாசிப்பு. வாய் திறந்தால் வேலை போகாது என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

ஆனால் இந்தப் பிரதியில் ஒரு வெற்றிடம் உண்டு. கையெழுத்திட்டவர்களில் நம் அரசு இல்லை. 2022 ஜூலையில் இந்த ஆலையின் சரக்கைத் தடுத்ததும், ஒப்பந்தத்தைக் கணக்கில் கொண்டு செப்டம்பரில் தளர்த்தியதும் அமெரிக்கச் சுங்கத்துறை. பணியிட வன்முறைக்கு எதிரான 2019ஆம் ஆண்டின் ஐ.எல்.ஓ. 190ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் தரவில்லை. ஆகவே திண்டுக்கல் பெண்ணின் பாதுகாப்பு, தொலைதூரக் கடை ஒன்று தரும் ஆர்டரில் தொங்குகிறது. ஆர்டர் குறைந்தால் ஒப்பந்தத்தின் பிடியும் தளரும். அந்தக் கடைகளுக்குத் தைக்காத ஆலைகளில் இருக்கும் பெண்களுக்கு இந்தப் பிடிகூட இல்லை.

‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பதை நாம் ‘பங்குதாரர்’ என்று மொழிபெயர்க்கிறோம். தையல் எந்திரத்தின் முன் இருப்பவளுக்கு ஆலையில் பங்கு எதுவும் இல்லை. பணயம் வைக்க உடலும் கூலியும்தான் உண்டு. எனவே அடுத்த முறை ஒரு கூட்டு முயற்சியின் அறிக்கை கைக்கு வந்தால், மாணவிகளே, மூன்று கேள்விகளோடு படியுங்கள். எழுவாய் யார்? மீறினால் இழப்பு யாருக்கு? கண்காணிப்பவரை நியமித்தவர் யார்? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் ‘பெண்களுக்காக’ என்று எழுதியிருந்தால், அந்தக் ‘கு’ கொடையா பகையா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.