ஒப்பாரிக்கு ஏது குளிர்காலம்?

உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் தொடர்ந்து பின்லாந்துக்குத்தான் முதலிடம். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: இவ்வளவு மகிழ்ச்சியான நாட்டில் இவ்வளவு துயரமான மெட்டல் இசை எப்படி? விடையையும் கையோடு கொண்டுவருவார்கள். நீண்ட இருட்டு, பனி, தனிமை. வானிலை அறிக்கையை இசை விமர்சனமாக வாசிக்கும் இந்தச் சோம்பேறித்தனம் நம்மவர்களுக்கும் தொற்றியிருக்கிறது.

திண்டுக்கல் நாகல் நகர் பையனிடம் இந்த விளக்கம் செல்லாது. சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு பின்லாந்தின் அமார்ஃபிஸ் குழுவின் 'பிளாக் விண்டர் டே' கேட்கிறவனுக்குப் பனி என்றால் கொடைக்கானல். அதுவும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பனி. அவனை அந்தப் பாட்டு ஏன் பிடித்து உலுக்குகிறது? தட்பவெப்பம்தான் துயரத்துக்குத் தாய் என்றால் பிரிவை வேனில் நண்பகலில், வெந்துகிடக்கும் பாலையில் கொண்டுவைத்த நம் முன்னோர் ஒன்றும் தெரியாதவர்கள் என்றாகிவிடும். முதல், கரு, உரி மூன்றில் உரிக்கே, அதாவது உணர்வுக்கே, முதன்மை தந்தது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் அதற்குத் துணைதான்.

இந்தத் துயர மெட்டலைப் பிளாக் சபாத் 1970இல் தொடங்கிவைத்ததை எல்லோரும் அறிவார்கள். ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986இல் வேகத்தைக் குறைத்து எடையைக் கூட்டியது. 1991இல் இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் 'காத்திக்' தொகுப்பில் உறுமல் குரலோடு பெண்குரலையும் வாத்தியக் கூட்டத்தையும் கலந்தது. அதுவரை பின்லாந்துக்கு இதில் தனிக்குரல் இல்லை. அது வந்தது 1994இல்.

அந்த ஆண்டில் தெர்கோதோன் குழு, பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் வேகத்தில் ஒரு தொகுப்பைத் தந்தது. மறு ஆண்டு ஸ்கெப்டிசிஸம் அதே நடையில் ஆர்கனைச் சேர்த்தது. இரண்டும் அரிய வேலைகள். ஆனாலும் என் மனம் நிற்பது அமார்ஃபிஸின் 'டேல்ஸ் ஃப்ரம் த தௌசண்ட் லேக்ஸ்' தொகுப்பில்தான். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில், டெத் மெட்டலுக்குப் பேர்போன அந்தக் கரகரத்த கிதார் ஒலியில் பதிவானது அது. ஆனால் கரகரப்புக்கு மேலே எஸா ஹோலொபைனனின் கிதார் பாடுவது நாட்டார் மெட்டு. ஒரு சிறு சொற்றொடரை எடுக்கும், திரும்பச் சொல்லும், மறுமுறை கொஞ்சம் வளைக்கும். பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவின் யாப்பு செய்யும் வேலையும் இதுவே: எட்டசை அடி, அடுத்த அடியில் அதே பொருள் வேறு சொல்லில். பாட்டு வரிகள் கீத் பாஸ்லியின் ஆங்கிலக் கலேவலாவிலிருந்து எடுத்தவை.

இனி 'பிளாக் விண்டர் டே'க்கு வருவோம். குளிர்காலக் கட்சிக்காரர்கள் முதலில் காட்டும் சான்று இதுதான். இந்தப் பாட்டு கலேவலாவின் 22ஆம் பாடலிலிருந்து வருகிறது. அங்கே அழுவது மணமுடித்துப் பிறந்த வீட்டைப் பிரியப்போகும் பெண். கொடுத்துவைத்தவர்களின் மனம் வசந்தகாலத்து விடியல் மாதிரி. என் மனமோ கறுத்த குளிர்கால நாள் மாதிரி என்கிறாள். குளிர்காலம் அங்கே உவமை. பொருள், பிரிவு.

இதை ஆங்கிலத்தின் வழியாகத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. அதே 1994இல் கலேவலா முழுவதும் தமிழில் வந்துவிட்டது. ஐம்பது பாடல்கள், 22,795 அடிகள். மொழிபெயர்த்தவர் பின்லாந்தில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் எழுத்தாளர் ஆர். சிவலிங்கம், 'உதயணன்'. அறிமுகம் எழுதியவர் சிந்துவெளி எழுத்தாய்வால் நமக்குத் தெரிந்த அஸ்கோ பார்ப்போலா. பார்ப்போலாவுக்குக் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருதும் கைத்தட்டலும் கிடைத்தன. சிவலிங்கத்துக்கு நம் இலக்கிய இதழ்கள் என்ன கொடுத்தன? பிறகு உரைநடையிலும் ஒருமுறை கலேவலாவை எழுதிக் கொடுத்த மனிதர் அவர்.

1996இல் 'எலெஜி'. இம்முறை காந்தெலேதார் என்ற தனிப்பாடல் திரட்டுக்குப் போனார்கள். என் கணக்கில் சிகரம் இதுதான். அதற்குப் பிறகான வரலாற்றை எனக்கு எரிச்சலில்லாமல் சொல்ல வராது. ஹிம் குழு சோகத்துக்குக் கண்மை பூசியது. சென்டென்ஸ்டு சாவைத் தன் வணிக முத்திரையாகவே ஆக்கி, 2005இல் 'த ஃப்யூனரல் ஆல்பம்' என்று பெயரிட்டு விடைபெற்றது. மெட்டு வலுவில்லாதபோது பனியை வரவழைப்பது வழக்கமாயிற்று. அட்டைப்படத்தில் மொட்டை மரம், உள்ளே வெறும் காற்று. இன்சோம்னியத்தின் 'விண்டர்ஸ் கேட்' 2016இல் ஒரே பாட்டாக நாற்பது நிமிடம் ஓடுகிறது. தலைப்பில் குளிர்காலம் இருந்தாலும் தப்பித்துவிட்டது, கதையும் மெட்டும் இருப்பதால். ஸ்வாலோ த சன் 2019இல் தந்த தொகுப்புக்குப் பின்னால் உண்மையான ஒரு மரணம் இருந்தது. கேட்கும்போதே அது தெரிகிறது.

நம் பையனிடம் திரும்பினால், அவன் காது ஏற்கெனவே பழகிய காது. நாகல் நகர் சௌராஷ்டிரத் தெருக்கள் தங்கள் சொந்தக்காரராகக் கொண்டாடும் டி.எம்.எஸ்.ஸின் சோகப் பாட்டு, இழவு வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்கும். பக்கத்துக் கிராமத்தில் கேதம் என்றால் உறுமி, அதற்கு மேலே கட்டிக்கொண்டு அழும் பெண்களின் ஒப்பாரி. அடியில் உறுமல், மேலே இறங்கி இறங்கி வரும் ஒரே மெட்டு. இந்த அமைப்பைச் சிறுவயதிலேயே கேட்டவனுக்கு அமார்ஃபிஸ் அந்நியமில்லை. பின்லாந்து-ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியாவின் அழுகைப் பாடல்களிலும் இறந்தவரைப் பெயர் சொல்லி அழமாட்டார்கள், சுற்றிவளைத்த செல்லச் சொற்களால்தான் விளிப்பார்கள். பொன்னே, ரத்தினமே என்று நம் பெண்கள் அழுவதைப் போல. சென்னையில் 2018இல் மேடையேறிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மரண வீட்டில் வளர்ந்த கானாவைக் கிதாருக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியது. தென்மாவட்ட ஒப்பாரிக்கும் அந்த இடம் வேண்டும். உறுமல் குரலை மட்டும் இறக்குமதி செய்து ஆங்கிலத்தில் பனியைப் பாடும் நம் குழுக்கள் விட்டுவைத்திருக்கும் இடம் அது.

அமார்ஃபிஸிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மணப்பெண்ணின் அழுகையை அங்கே பாடுவது ஆண்கள். பாடப் பெண்கள் இல்லாமல் போகவில்லை. லாரின் பராஸ்கே என்ற இங்ரியப் பாடகி தன் நினைவிலிருந்து சொன்ன அடிகள் 32,000க்கும் மேல், கலேவலாவை விட நீளம். ஒப்பாரியும் பாடியவர். இசையமைப்பாளர் சிபேலியஸ் அவர் பாடிக் கேட்டிருக்கிறார். பராஸ்கே 1904இல் வறுமையிலேயே இறந்தார். இந்த மெட்டல் மரபு, கலேவலாவைத் தொகுத்த லோன்ரோத் அச்சேற்றிய புத்தகத்தோடு நின்றுவிட்டது, அழுத பெண்களின் குரல்வரை போகவில்லை. திண்டுக்கல்லில் யாராவது இதைத் தொடங்குவதானால் உறுமுகிற பையனைத் தேடுவதற்கு முன் ஒப்பாரி பாடும் அக்காவைத் தேடிப் போகட்டும். மைக்கையும் சம்பளத்தையும் முதலில் அவருக்குக் கொடுக்கட்டும்.